இருபத்து மூன்றாம் வீட்டு அரிசி டின்

வீரம்மா நாற்காலியில் உட்காரவில்லை. உட்காருங்கள் என்று மூன்று முறை சொல்லியாகிவிட்டது. சிலிம் ரிவரிலிருந்து ஈப்போ வரைக்கும் பஸ்ஸில் வந்த களைப்போடு கதவோரம் நின்றபடியே, இடது கையால் கடிதத்தை நீட்டினாள். வலது கை சேலைத் தலைப்புக்குள் இருந்தது.

தவமணி வாங்கிப் பார்த்தாள். வக்கீல் கடிதம். வக்கீல் கடிதம் நல்ல சேதி சொல்லவா வரும்? மேரிவேல் தோட்டம், மூன்றாம் லயம், இருபத்து மூன்றாம் நம்பர் வீட்டில் இருக்கும் வீரம்மா, சன்னாசியின் மனைவி, தோட்டத்துக் குடியிருப்பாளர் அல்லவாம். வந்து தங்கிய விருந்தாளியாம். ஆகையால் அவளுக்கு மனை கிடையாதாம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. ஆட்சேபம் இருந்தால் அங்கே சொல்லலாம், இல்லையென்றால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்துவிட வேண்டும்.

அன்றைக்குப் புதன்கிழமை.

"விருந்தாளியா?" என்றான் சீனி. "எத்தனை வருஷ விருந்தும்மா?"

"அந்த வீட்லதான் பொறந்தேன். அம்பத்தாறு வயசாச்சு."

"அப்ப அம்மா வயித்துலேர்ந்து நேரா விருந்துக்கு வந்துட்டீங்க லா!"

வீரம்மா சிரிக்கவில்லை. தவமணியும் சிரிக்கவில்லை. சீனி தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டான். நாலு மாதமாக அவனுக்கு அதுதான் வேலை.

தவமணி ஈப்போ கோர்ட்டில் பதினெட்டு வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். பொய் சொல்பவன் எந்த இடத்தில் எச்சில் விழுங்குவான் என்று அங்கேதான் படித்தாள். பிறகு வேலையை விட்டுவிட்டு, ஒரு கோப்பிக் கடையின் மாடியில் தனியார் விசாரணை என்று போர்டு மாட்டினாள். சீனி ஈப்போ புந்தோங்கில் பிறந்து வளர்ந்தவன், பஸ் கண்டக்டராக இருந்து வாய்த்துடுக்கால் வேலை போனவன். இப்போது அவளுக்கு டிரைவர், உதவியாளர், எல்லாம் அவன்தான்.

நாலு மாதத்துக்கு முன்னால் தவமணியின் கணவர் பூபாலசிங்கம் கண்ணை மூடினார். அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகை வரவில்லை. சோறு மண் மாதிரி இருந்தது. கோபம் வந்தால்கூடத் தேவலை என்றிருந்தது, அதுவும் வரவில்லை. இன்று காலை தண்ணீர் சுட வைக்கும்போது விரலைச் சுட்டுக்கொண்டாள். கொப்புளம் கிளம்பி நிற்பதை ஆபீசுக்கு வந்து பேனாவைப் பிடித்தபோதுதான் கண்டாள். வலித்ததா என்றால், இல்லை. மரத்துப் போவது என்று சொல்வார்களே, அது கைகாலுக்கு மட்டும் வருவதில்லை.

கடிதத்தோடு வீட்டுப் புத்தகத்தின் போட்டோஸ்டாட் பிரதி ஐந்து பக்கம் இணைத்திருந்தது. மேரிவேல் தோட்டத்தை வாங்கிய புதுக் கம்பெனி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்துச் செம்பனை எண்ணெய் மரம் போடப் போகிறது. 1961-ஆம் வருஷத்து வீட்டுப் புத்தகத்தில் குடியிருப்பாளர் என்று இருக்கிறவர்களுக்கு மட்டும் வீட்டுக்கு ஒரு மனை. மற்றவர்கள் நடையைக் கட்ட வேண்டியதுதான். புத்தகத்தை எழுதியவர் அந்தக் காலத்துப் பெரிய கிராணி, அதாவது தோட்டத்து ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, ஐயாத்துரை. நாலு வருஷத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார்.

தவமணி பக்கங்களைப் புரட்டினாள். வீட்டு நம்பர், குடும்பத் தலைவர் பெயர், ஆள் கணக்கு. கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இங்கிலீஷ் வார்த்தை.

"டெனிசன். காட்டர். இன்டுவெல்லர். பர்ஜெஸ். ஆப்பிடன்..." என்று வாசித்தாள். "சோஜர்னர். இதுதான் இருபத்து மூண்டாம் நம்பருக்கு."

"இதெல்லாம் என்ன அக்கா, மருந்துப் பேரா?"

"எல்லாம் ஒரு இடத்தில இருக்கிற ஆக்களைச் சொல்லுற பழைய சொல்லுகள், சீனி. இப்ப இங்கிலீஷ்காரனே பாவிக்கிறதில்லை. டெனிசன் எண்டால் குடியிருக்க உரிமை பெற்றவர். காட்டர் எண்டால் வேலை செய்து அதுக்குப் பதிலாய்க் குடிசையில இருக்கிறவர். சோஜர்னர் எண்டால் கொஞ்ச நாள் தங்கிப் போறவர்."

"அதான் வக்கீல் கப்புன்னு புடிச்சிக்கிட்டான்."

"ஓம். நாப்பது வீடு. மற்ற எல்லாச் சொல்லும் இருக்கிறவரைச் சொல்லுது. இந்த ஒண்டு மட்டும்தான் போறவரைச் சொல்லுது."

சீனி எட்டிப் பார்த்தான். "இந்த ஆப்பிடன் யாரு?"

"பட்டணத்தில வாழுறவர். வீட்டுக்காரர் பேர் பத்துமலை."

வீரம்மா முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினாள். "பத்துமலை அண்ணனா? அது தோட்டத்த விட்டு வெளிய போனதே இல்லையே. பஸ் ஏறுனா வாந்தி எடுக்கும்."

தவமணி பேனாவைக் கீழே வைத்தாள். பஸ் ஏறாத மனிதனைப் பட்டணத்துக்காரன் என்று எழுதுகிற அளவுக்கு ஐயாத்துரை இங்கிலீஷ் தெரியாதவர் இல்லை. அப்படியானால் அர்த்தம் பார்த்து எழுதிய வார்த்தைகள் அல்ல இவை. வேறு எதற்கோ எழுதியது.

"காரை எடும், சீனி."

*

சீனியின் பழைய மோரிஸ் மைனர் காம்பார், தாப்பா, பீடோர், சுங்கை என்று ஊர் ஊராக இருமிக்கொண்டே போய் மேரிவேல் தோட்டத்தில் நின்றபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. பாதி ரப்பர் மரம் விழுந்து கிடந்தது. விழாத பாதியிலும் பால் வெட்ட ஆளில்லை. மூன்றாம் லயத்தில் பத்து வீட்டில் ஆறு பூட்டிக் கிடந்தன.

பத்துமலை தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். தவமணி சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"ஆப்பிடன் எண்டால் என்னெண்டு தெரியுமோ?"

"நாந்தான் ஆப்பிடன்," என்றார் அவர், கையை எடுக்காமலே.

சீனிக்கு வாய் அடைத்துப் போனது. அது எப்போதாவது நடப்பதுதான்.

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தமா? எங்க வீடுதான் அர்த்தம். இந்த அண்டை வீட்ல இருந்தவன் டெனிசன் இராமசாமி. மேல லயத்துல காட்டர் இராமசாமி. இன்னும் ரெண்டு இராமசாமி இருந்தானுங்க. வெள்ளக்காரத் தொரைக்கு நாலு இராமசாமிய அடையாளம் தெரியல. அரிசி போடுற நாள்ல ஒருத்தன் அரிசிய இன்னொருத்தன் வாங்கிட்டுப் போயிருவான், ஒரே சண்டை. தொரை ஒரு தடியான புத்தகத்தப் பார்த்து வீட்டுக்கு ஒரு வார்த்தை குடுத்தாரு. கிராணி அத டின்ல எழுதுனாரு. டின்னப் பார்த்து அரிசி."

அவர் உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். பக்கவாட்டில் கறுப்பு பெயின்டில் ஆப்பிடன் என்று இங்கிலீஷ் எழுத்து. டின்னுக்குள் இப்போது ஆணியும் திருகும் கிடந்தன.

"ஒரு சொல்லு ரெண்டு வீட்டுக்கு வருமோ?" என்றாள் தவமணி.

"அது எப்படிம்மா வரும்? ஒரு அடுப்புக்கு ஒரு பேரு. ரெண்டு வீட்டுக்கு ஒரே பேரு வெச்சா அரிசி மாறிப்போயிரும்ல? மகன் கல்யாணம் கட்டித் தனியாப் பொங்குனா அவனுக்குப் புதுப் பேரு. ஒண்ணாப் பொங்குனா அதே பேரு. எங்க மாமனார் ரெண்டு வீடு தள்ளி இருந்தாரு, சாப்பாடு எங்களோட. அவருக்கும் ஆப்பிடன்தான்."

"அண்ணே, உங்க தொரை வாழ்க!" என்றான் சீனி. "எங்க அப்பா இருந்த தோட்டத்துல தொரை எல்லாரையும் ஒரே பேரு சொல்லித்தான் கூப்பிடுவானாம். அத இங்க சொல்ல முடியாது."

தவமணி வீரம்மாவின் பக்கம் திரும்பினாள். "உங்கட டின் இருக்குதோ?"

வீரம்மா கொண்டுவந்தாள். இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது, உள்ளே உப்பு. தலைப்பு விலகியபோது வலது கையைத் தவமணி பார்த்தாள். மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை.

"எப்பிடி?"

"ஸ்டோர்ல. ரப்பர் ஷீட்டு உருட்டுற மிஷின்ல போச்சு." நேற்று மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னாள்.

டின்னில் இருந்த வார்த்தை சோஜர்னர் இல்லை. ரெசியன்ட். அதற்கும் குடியிருப்பவர் என்றுதான் பொருள், பழைய சட்டப் புத்தகத்தில் வரும். பத்துமலையும் தலையாட்டினார். லயம் முழுக்க அவளை ரெசியன்ட் வீட்டு வீரம்மா என்றுதான் சொல்லும்.

"அடப்பாவி! கம்பெனிக்காரன் அழிச்சு எழுதிட்டான்!" சீனி துள்ளினான். "மாட்டுனான் அக்கா!"

"துள்ளாதையும்." தவமணி போட்டோஸ்டாட்டை விரித்தாள். "அழிச்ச தடம் இல்லை. மேல கீழ இருக்கிற வரியோட ஒரே கை, ஒரே ஓட்டம். ஐயாத்துரைதான் எழுதியிருக்கிறார். அறுபத்தொண்டாம் வருஷம் புதுப் புத்தகம் போடேக்க, வேணுமெண்டே மாத்தி எழுதியிருக்கிறார். அதுக்கு முந்தின வருஷம் என்ன நடந்தது?"

"எம் புருசன் காய்ச்சல்ல செத்தாரு," என்றாள் வீரம்மா.

"வீட்டில வேலைக்காரர் ஆருமில்லையெண்டால்?"

பத்துமலை பதில் சொன்னார். "ஒரு மாசத்துல வீட்ட விடணும். அதான் சட்டம். வீரம்மாவுக்குக் கையும் போச்சு, பிரட்டுல, வேலையாள் கணக்குல, பேரும் இல்ல. எப்படி இருந்துச்சுன்னு..." பாதியில் நிறுத்தி டியூபைப் பார்த்துக்கொண்டார். பைப்படியில் துணி அலசிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சட்டென்று மும்முரமாக அலசினார்கள்.

தவமணி அதைக் கவனித்துக்கொண்டாள். "சோஜர்னர் எண்ட டின் இந்தத் தோட்டத்தில ஆரிட்ட இருந்தது?"

"அப்படி ஒரு பேரே லயத்துல கிடையாது."

அவள் பக்க எண்ணைப் பார்த்தாள். வக்கீல் அனுப்பிய பிரதி மூன்றாம் பக்கத்தில் ஆரம்பித்தது. முதல் இரண்டு பக்கம் எங்கே? லயத்துக்கு முன்னால் யாரை எழுதுவார்கள்? கிராணி, மருந்து கொடுக்கும் டிரசர், பள்ளிக்கூட மாஸ்டர்.

"கிராணி வீட்டுக்கும் டின் இருந்ததோ?"

"இல்லாமலா? பெரிய டின். வெள்ள பெயின்ட்டு, செவப்பு எழுத்து. நாங்க கிட்டப் போய்ப் பார்த்ததில்ல." பத்துமலைக்கு அப்போதுதான் வயிற்றெரிச்சல் ஞாபகம் வந்தது. "கிராணி மக ஈப்போவுல டீச்சரா இருக்கு. அதுக்கு ரோட்டோரத்துல முதல் மனையக் குடுத்துட்டான் கம்பெனிக்காரன். இங்கயே கெடக்குற வீரம்மாவுக்கு இல்ல. நாயமா?"

"கிராணியைப் பற்றிச் சொல்லுங்கோ," என்றாள் தவமணி வீரம்மாவிடம்.

"செத்தவரப் பத்தி என்ன இருக்கு சொல்ல." கை மறுபடி தலைப்புக்குள் போய்விட்டது. "வீடு போனாப் போகட்டும்மா. எனக்கு இப்பல்லாம் ஒண்ணும் தோணுறதில்ல."

அந்தக் குரல் தவமணிக்குப் பழக்கமான குரல். நாலு மாதமாகத் தன் தொண்டையிலிருந்து வருவது.

"நாளைக்கு முதல் பஸ்ஸில ஈப்போவுக்கு வந்திடுங்கோ."

*

ஐயாத்துரையின் மகள் சரோஜாதேவிக்கு இருபத்தெட்டு வயது. பள்ளிக்கூடம் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சுவரில் அப்பாவின் படம், கோட்டு, டை. வீரம்மாவைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தவமணியும் சீனியும் உள்ளே போனார்கள்.

தவமணியும் யாழ்ப்பாணத்து வழி, நம்முடைய ஆட்கள் என்று தெரிந்ததும் சரோஜாதேவிக்கு முகம் மலர்ந்தது. எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று விசாரித்தாள். தேத்தண்ணி வந்தது, பயத்தம் பணியாரம் வந்தது. சீனி அவளுடைய நம்முடைய ஆட்களில் சேர்த்தி இல்லை என்றாலும், பணியாரம் அவன் பக்கம்தான் அதிகம் போனது.

"அப்பா நல்ல பாசமோ?" என்று தவமணி சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

"என்னில உயிர். ஒவ்வொரு நாளும் சாப்பிட்டதும் என்ர வலது கையை எடுத்து விரலை ஒவ்வொண்டாய் எண்ணுவார். ஒண்டு, ரெண்டு, மூண்டு... சின்னப் பிள்ளைக்குச் செய்யிற மாதிரி. ஐஞ்சாம் ஃபாரம் படிக்கேக்கயும் விடேல்லை. எனக்கு வெக்கமாய் இருக்கும்."

"சின்ன வயசிலயிருந்தா?"

"இல்லை, எனக்கு ஒன்பது வயசிலதான் தொடங்கினவர். அதுதான் பகிடி."

தவமணி தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். கதவு வழியாகக் குசினியும் அடுப்பும் தெரிந்தன. சுவர்த் தட்டில் ஒரு பெரிய வெள்ளை டின். சிவப்பு எழுத்து. இங்கிருந்தே வாசிக்க முடிந்தது.

சோஜர்னர்.

சீனியும் பார்த்துவிட்டான். பணியாரம் பாதி வழியில் நின்றது.

ஒரு அடுப்புக்கு ஒரு பேர். இரண்டு வீட்டுக்கு ஒரே பேர் என்றால் ஒரே குடும்பம். ஐயாத்துரை இருபத்து மூன்றாம் நம்பர் வீட்டைத் தன் வீட்டுக் கணக்கில் சேர்த்து எழுதியிருக்கிறார். வேலையாள் இல்லாத அந்த வீடு காலியாகாமல் நின்றது அதனால்தான்.

"பிள்ளை," என்றாள் தவமணி, "நான் வீரம்மாவின்ர விஷயமாய் வந்தனான்."

சரோஜாதேவியின் முகத்தில் கதவைச் சாத்தினாற்போல ஆயிற்று. "அவளின்ர பேரை இந்த வீட்டில எடுக்கக் கூடாது."

"எடுத்துத்தான் ஆகவேணும். கம்பெனி வக்கீல் அவவை விருந்தாளி எண்டு சொல்லுறார், சோஜர்னர் எண்டு எழுதியிருக்கிறதால. உங்கட அப்பாவின்ர வீட்டுக்கும் அதே சொல்லுத்தான். அதை வைச்சுத்தான் உங்களுக்கு முதல் மனை தந்திருக்கினம். அவ விருந்தாளியெண்டால், முப்பத்தொரு வருஷம் அங்க இருந்த பெரிய கிராணியும் விருந்தாளிதான். உங்கட மனையும் போகும். ரெண்டும் நிக்கவேணும், இல்லாட்டி ரெண்டும் விழவேணும். இந்த டின்னோட நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால், அந்த முதல் பக்கத்தை வக்கீல் ஒளிக்கேலாது."

சீனி மூச்சை இழுத்து விட்டான். இப்படி ஒரு முடிச்சில் மாட்டிக்கொண்டால் எவர்தான் மறுப்பார்?

"போகட்டும்," என்றாள் சரோஜாதேவி.

"என்ன?"

"என்ர மனை போகட்டும். எனக்கு வேண்டாம். அவளுக்குக் கிடைக்காமல் இருந்தால் காணும். புத்தகத்தைக் கம்பெனிக்குக் குடுத்ததே நான்தான். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தமெண்டு வக்கீலுக்கு எடுத்துக் காட்டினதும் நான்தான்!" அவள் குசினிப் பக்கம் கையைக் காட்டினாள். "கிழமைக்கு ஒருக்கால் அப்பா சைக்கிளில அரிசி கொண்டுபோய் அவளுக்குக் குடுப்பார். பதினொரு வருஷம். அம்மா குசினியில நிண்டு அழுவா. அம்மா செத்ததே அந்தக் கவலையில. அவள் என்ர அப்பாவை வைச்சிருந்தவள். போதுமோ?"

முடிச்சு அவிழ்ந்து விழுந்தது. தவமணி வழக்குகளில் எத்தனையோ பேரை ஆசை காட்டிப் பணிய வைத்திருக்கிறாள். எதையும் இழக்கத் தயாராக இருப்பவளை என்ன சொல்லிப் பணிய வைப்பது? படத்திலிருந்து ஐயாத்துரை கோட்டுப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

ஒன்பது வயது. இது எழுபத்தெட்டாம் வருஷம்; இந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயது என்றால், ஐம்பத்தொன்பதாம் வருஷம்.

"சீனி, வீரம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும்."

"வேண்டாம்!" என்று சரோஜாதேவி எழுந்தாள். அதற்குள் சீனி படியிறங்கிவிட்டான்.

வீரம்மா வாசலைத் தாண்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றாள்.

"உங்களுக்குக் கையில அடிபட்டது எந்த வருஷம்?" என்றாள் தவமணி.

"அம்பத்தொம்பது. தீவாளி முடிஞ்ச வாரம்."

"எப்பிடி நடந்தது? முழுக்கச் சொல்லுங்கோ."

வீரம்மா தரையைப் பார்த்துச் சொன்னாள். "மிஷினுக்கு மேல ஒரு தகரம் மூடி இருக்கும். அது ஒடஞ்சு ஒரு மாசமாச்சு. கங்காணி சொல்லி, தொரை ஆபீசுக்குத் தாள் எழுதிப் போட்டாச்சு. அந்தத் தாளு கிராணி மேசைக்குள்ளயே கெடந்துச்சு. மறந்துட்டாரு. கை போனப்புறம் தொரை கேட்டாரு. தாளு இருந்தாத் தன் வேல போயிரும்னு அதக் கிழிச்சுட்டு, இவ கவனமில்லாம கைய விட்டான்னு எழுதிக் குடுத்துட்டாரு. எனக்கு ஒண்ணும் கெடைக்கல. எம் புருசன் ஒரு வருஷம் ஆபீசுக்கு நடந்தாரு. நடந்து நடந்தே செத்தாரு."

வீரம்மா தலைப்பைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தாள்.

"அப்புறம் வீட்ட விடச் சொல்லித் தாளு வரல. ஏன் வரலன்னு தெரியாது. வாரத்துக்கு ஒரு தடவ படியில அரிசி இருக்கும். வெச்சுட்டுப் போயிருவாரு. உள்ள வந்ததில்ல. பேசினதில்ல. ஒரு தடவ கூட எம் முகத்தப் பார்த்ததில்ல. லயத்துல என்னென்னமோ பேசுனாங்க. யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

"ஏன் அப்பவே சொல்லேல்லை?" சரோஜாதேவியின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"சொன்னா அவரு வேல போகும். அவரு போனா எம் வீடு போகும்." வீரம்மா நிமிர்ந்தாள். "அன்பா குடுத்தாருன்னு நெனைக்காதம்மா. எம் விரலுக்கு வாடகை குடுத்தாரு."

அவள் வலது கையைத் தலைப்பிலிருந்து வெளியே எடுத்து நீட்டினாள்.

சரோஜாதேவி அந்தக் கையைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, ஆனால் தவமணிக்கு விளங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. அதோடு நின்றது. பிறகு அவள் தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா இத்தனை வருஷம் எதை எண்ணினார் என்று அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் எழுந்து குசினிக்குப் போனாள். டின்னிலிருந்த மாவை ஒரு சட்டியில் கொட்டினாள். ஈரத் துணியால் துடைத்துக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

*

வெள்ளிக்கிழமை விசாரணை இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அதிகாரியின் மேசை மீது மூன்று அரிசி டின் வரிசையாக இருந்தன. பஸ் ஏறினால் வாந்தி எடுக்கும் பத்துமலை, வாழ்க்கையில் முதல்தடவையாக ஈப்போவுக்கு வந்து, பட்டணத்துக்காரன் என்று எழுதிய டின்னோடு சாட்சி சொன்னார். வழியில் இரண்டு தடவை காரை நிறுத்த வேண்டியிருந்தது, அது வேறு கதை. சரோஜாதேவி எழுந்து நின்று, சோஜர்னர் என்பது தன் தகப்பனார் வீட்டு அடையாளம் என்றும், இருபத்து மூன்றாம் நம்பர் அதே வீட்டுக் கணக்கைச் சேர்ந்தது என்றும் சொன்னாள். மேசைக்குள் கிடந்த தாளைப் பற்றியும் சொன்னாள். அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. தானாகவே சொன்னாள், குரல் உடையாமல்.

அதிகாரி முதல் இரண்டு பக்கத்தைக் கேட்டார். வக்கீல் தன் பையைத் துழாவினார். "அது கொஞ்சம் காச்சோவாகிப் போச்சு துவான், எங்கயோ கலந்துருச்சு போல," என்று சீனி வக்கீல் பேசுவது போல அவர் காதில் படும்படி முணுமுணுத்தான். பக்கங்கள் பையிலேயே இருந்தன. பெரிய கிராணி விருந்தாளியா என்று அதிகாரி கேட்டதற்கு வக்கீல் பையை மூடி வைத்தார்.

வீரம்மாவுக்கு மனை உறுதியானது. தாளில் இடது கைப் பெருவிரலை வைத்தாள். சந்தோஷமா என்று சீனி கேட்டான். தெரியலப்பா என்றாள்.

திரும்பும் வழியில் பத்துமலை முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். பின்னால் தவமணியும் வீரம்மாவும். வீரம்மாவின் மடியில் இரண்டு டின், ரெசியன்ட் ஒன்று, சோஜர்னர் ஒன்று. இரண்டாவதைச் சரோஜாதேவி திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டாள். கார் பீடோரைத் தாண்டியது.

"அம்மா," என்றாள் வீரம்மா. "இந்தச் செவப்பு எழுத்துக்கு என்ன அர்த்தம்னு சொன்னீங்க?"

"கொஞ்ச நாள் தங்கிப் போறவர் எண்டு."

வீரம்மா யோசித்தாள். மூன்று விரலால் அந்த எழுத்தைத் தடவினாள்.

"அது கிராணிக்குச் சரிதான். தங்குனாரு, போயிட்டாரு. எம் புருசனும் தங்கிட்டுப் போயிட்டாரு." ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "நாந்தான் இருக்கேன்."

தவமணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுட்டுக்கொண்ட விரல் சுரீரென்றது. புதன்கிழமை பட்ட சூடு வெள்ளிக்கிழமைதான் வலிக்க ஆரம்பித்தது. விரலிலிருந்து கைக்கு, கையிலிருந்து நெஞ்சுக்கு ஏறியது.

"சீனி, காரை ஓரமாய் நிப்பாட்டும்."

"என்னக்கா? உங்களுக்கும் வாந்தியா?"

"விரல் நோகுது, சீனி," என்றாள் தவமணி. "சரியாய் நோகுது." சொல்லிவிட்டு, நாலு மாதமாக வராத அழுகையை அந்த ரோட்டோரத்தில் அழுதாள். பூபாலசிங்கத்தின் பெயரைச் சொல்லியே அழுதாள்.

சீனி திரும்பிப் பார்த்தான். அவன் வாயில் ஜோக் எதுவும் வரவில்லை. வீரம்மா டின்னைக் கீழே வைத்துவிட்டு, அந்த வலது கையால் தவமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.